எண்பத்து நாலாம் வரிசை

டமார்!

இசைவாணி பிரேக்கை அழுத்தினாள். ஸ்கூட்டி மண்ரோட்டில் லேசாக வழுக்கி நின்றது. தென்னந்தோப்புக்கு அப்பால், அவள் ஊர் இருக்கும் பக்கம், இன்னொரு வெடி. அதன் பின்னாலேயே இன்னொன்று. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிக் கத்தின.

"ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்துக்கொண்டாள்.

அப்பா பழனிச்சாமிக்கும் மயில்களுக்கும் தீராத பகை. கதிர் பால் பிடித்ததிலிருந்து, விடிந்ததும் ஒரு வெடி, பொழுது சாய ஒரு வெடி என்று போட்டுக்கொண்டே இருந்தார். கீரமங்கலத்துப் பட்டாசுக் கடைக்காரர், "வீட்டுல என்னண்ணே விசேசம், முடியவே மாட்டேங்குது?" என்று கேட்கும் அளவுக்கு வாங்கிக் குவித்திருந்தார். எல்லாம் மகளுடைய நெல்லுக்காக.

வண்டியைக் கிளப்பியவள் பத்தடி போவதற்குள் மறுபடி நிறுத்தினாள்.

நெல் அறுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அறுத்த வயலில் மயிலுக்கு என்ன வேலை? வெடிக்கு என்ன வேலை?

கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். காலையிலிருந்து மீட்டிங். அணைத்து வைத்திருந்தாள். உயிர் வந்ததும் தவறிய அழைப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. அத்தை, அத்தை, அம்மா, அத்தை.

மறுபடியும் டமார் என்றது. இந்த முறை அது என்ன வெடி என்று அவளுக்குத் தெரிந்தது.

*

இசைவாணி ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் நெல் விஞ்ஞானி. புது ரகம் உருவாக்குவதுதான் வேலை.

கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். செய்வது என்னவோ குனிந்து நிற்பதுதான். ஒரு நெல்லின் பூவைத் திறந்து, அதிலுள்ள மகரந்தத்தை எடுத்துவிட்டு, இன்னொரு நெல்லின் மகரந்தத்தைத் தூவி, உறை போட்டு மூட வேண்டும். அதில் விளைந்ததை விதைக்க வேண்டும். வளர்ந்ததில் நல்லதைப் பொறுக்கி மறுபடி விதைக்க வேண்டும். இப்படியே வருடக்கணக்கில். அவள் எடுத்த தாய் நெல், அப்பாவின் வயலில் கண்மாய்த் தண்ணீர் எட்டாத கடைசி மடையில் காலங்காலமாகக் காய்ந்தும் சாகாமல் நின்ற நாட்டு நெல். தகப்பன் நெல், பண்ணையில் இருந்த குட்டை ரகம். இரண்டுக்கும் பிறந்த நூற்றுக்கணக்கான வரிசைகளில் எண்பத்து நாலாவது வரிசை மட்டும், மழை பொய்த்த ஒரு வருடத்தில், மற்றதெல்லாம் பதராகிக் கிடக்கையில் தலை குனிந்து நின்றது.

அன்றிலிருந்து அதற்கு எண்பத்து நாலு என்றே பேர். அப்பா வாயில் அது எம்பத்திநாலு.

"எம்பத்திநாலு எப்புடி இருக்குது?" என்று போனில் கேட்பார். மகள் எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி.

ரகத்தை வெளியிடும் முன் அதை வர்ணிக்க வேண்டும். மற்ற ரகங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது, ஒவ்வொரு பயிரும் ஒன்றுபோல் இருக்கிறதா, அடுத்த போகத்திலும் அப்படியே வருகிறதா என்று அறுபதுக்கு மேற்பட்ட குணங்களை அளந்து எழுத வேண்டும். கதிருக்கு மேல் நிற்கும் கண்ணாடி இலை நிமிர்ந்ததா, சாய்ந்ததா? அடித்தூர் பச்சையா, ஊதாவா? மணிக்கு மீசை உண்டா? உமியின் நுனி என்ன நிறம்?

எண்பத்து நாலுக்கு உமி நுனியில் ஊதாப் பொட்டு. ஊசி முனையை மையில் தொட்டு வைத்ததுபோல. அதுதான் அதன் அடையாளம்.

எல்லாம் கூடி வரும்போது பண்ணைக் கோடவுன் ஒழுகியது. ஐப்பசி மழையில் எண்பத்து நாலின் மூட்டைகள் நனைந்து, சூடேறி, முளைத்து, நாறிப்போயின. போட்டோ எடுப்பதற்காக மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்த ஒரே ஒரு பொட்டலம் தப்பியது. ஒரு கைப்பிடி நெல். பண்ணையின் போர் மோட்டாரும் அந்த நேரம் பார்த்துக் காலை வாரியது.

"இங்கிட்டுக் கொண்டாத்தா" என்றார் அப்பா. "கெணத்தடி வயல் சும்மாதான் கெடக்கு. ஒம் புள்ளய நான் வளத்துத் தாரேன்."

ஒற்றை ஒற்றை நாற்றாக நட்டார்கள். அவள் வாரம் தவறாமல் வந்து ஸ்கேலும் கேமராவுமாகக் குனிந்து நிற்பாள். அப்பா வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"நெல்லுக்கு ஜாதகம் எழுதுறியா? ஒங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இம்புட்டு அளந்து பாக்கலத்தா. பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்."

"யாரு தப்பிச்சிருப்பா?" என்பாள் தூக்குவாளியோடு வரும் அம்மா அமிர்தவல்லி. "அந்தக் கண்ணாடி எலை நிமுந்து நிக்கிதாம், நல்ல கொணமாம். இந்த மனுசன் எத்தன வருசமா நிமுந்தே நிக்கிறாரு, என்னத்தக் கண்டேன்?"

அறுப்பன்று எண்பத்து நாலின் ஒவ்வொரு கதிரையும் கையால் கிள்ளினார்கள். ஒத்த குணம் உள்ளதை மட்டும் எடுத்து, கையாலேயே உதிர்த்து, மயில் தின்றது போகச் சேர்ந்தது ஒரு மரக்காலுக்குக் கொஞ்சம் கூட. அப்பா ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"வாணி, இதுல கொஞ்சம் குத்தி ஒரு கை சோறாக்கித் தாயேன். ருசி பாக்காம என்னடி நெல்லு?"

"ஐயோ அப்பா, போடுங்க உள்ள! ஒலகத்துலயே இவ்வளவுதான் இருக்கு. இதுலதான் சோதனைக்கு அனுப்பணும், மிச்சத்தத்தான் திரும்ப வெதைக்கணும்."

"ஒரு கை அரிசித்தா."

"அடுத்த போகம் மூட்டக்கணக்குல வரும். வயிறு முட்டச் சாப்பிடுங்க."

"பெத்த அப்பனுக்கு ஒரு கை அரிசி இல்லேங்குறா பாரு" என்று வயலுக்குப் பொதுவாகப் புகார் சொன்னார். பிறகு பிடியைத் தளர்த்தி, ஒரு மணிகூடச் சிந்தாமல் பையில் விட்டார். "சரி. அடுத்த போகம்."

நிழலில் காய வைத்துத் தருகிறேன் என்று பையை அவரே வைத்துக்கொண்டார். அதை வாங்கிப் போகத்தான் இசைவாணி இன்று வந்துகொண்டிருந்தாள். விதை மாதிரியை அனுப்ப இந்த வாரக் கடைசி வரைதான் நேரம்.

*

அப்பாவை நடுவீட்டில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர், வாளியைப் பிடித்தபடியே சரிந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றும்போதே முடிந்துவிட்டதாம்.

"ஒனக்கு எத்தன தடவடி போன் அடிச்சேன்" என்று அத்தை அமராவதி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் ஒரே தங்கை. "எங்கண்ணன் ஒன்னையப் பாக்காமலே போயிட்டானே!"

இசைவாணி அவர் காலடியில் விழுந்து அழுதாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. விளக்கின் பக்கத்தில் நிறைமரக்கால். கும்பாரமாக நெல். ஒவ்வொரு மணியின் நுனியிலும் ஊதாப் பொட்டு.

விளக்குத் திரியின் அசைவில் அந்தப் பொட்டுகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. சந்தேகமே இல்லை.

"அத்தை…" என்றாள் மெல்ல. "இந்த நெல்லு…"

"வீட்டுல ஒரு பொட்டு நெல்லு இல்லடி" என்றாள் அத்தை மூக்கைச் சிந்தியபடி. "ஒரு சம்சாரி வீட்டுல, தலைமாட்டுல வைக்க நெல்லு இல்ல! அறுத்த மேனிக்கு எல்லாத்தையும் டிராக்டர்ல ஏத்திக் கொள்முதலுக்கு அனுப்பிட்டு, திங்கிறதுக்குக் கடை அரிசி. அடுத்த வீட்டுலயும் அப்புடித்தான். இரவல் நெல்ல எங்கண்ணன் தலைமாட்டுல வைப்பனா நான்? தேடுனேன். சாமி ரூம்புல மஞ்சப் பையில முடிஞ்சு வச்சிருந்தான் மகராசன். பதரு ஒண்ணு கெடையாது. தங்கமாட்டம் நெல்லு. உள்ள ஏதோ சீட்டு கெடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன்."

"பையில மிச்சம்?"

"மிச்சமெங்க? மரக்காலுக்குப் போக இருந்தத வாய்க்கரிசிக்குக் குத்துறாளுக."

வாசலில் உரல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது எதன் சத்தம் என்று அவள் யோசிக்கவில்லை.

அவள் கையெழுத்தில் 84 என்று எழுதிய அட்டை, பெஞ்சின் காலருகே மிதிபட்டுக் கிடந்தது.

அப்பாவின் முகத்தை விட்டுவிட்டு மரக்காலையே பார்க்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்தும் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

பண்ணையிலிருந்து சூர்யபிரகாஷ் மாலையோடு வந்தான். அவளோடு வேலை பார்க்கும் உதவி விஞ்ஞானி. மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். எண்பத்து நாலை அவளுக்கு அடுத்தபடி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்து குனிந்தான்.

"மேடம், அது…"

"ஆமா."

"வேற இருக்கா?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

"நான் போய் வேற நெல்லு வாங்கிட்டு வாரேன். மாத்திரலாம். மரக்கால் நெறைய நெல்லு இருந்தாச் சரிதானே மேடம்? எந்த நெல்லுன்னு யாரு பாக்கப் போறாங்க?"

அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பி வரும்போது பாடை கட்டி முடித்திருந்தார்கள். வாசல்படியருகே பையோடு நின்று, கண்ணால் கேட்டான்.

இசைவாணி எழுந்தாள். நாலு எட்டு. மரக்காலைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், ஒரு நிமிடத்தில் வேறு நெல்லோடு வந்துவிடலாம். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். இரண்டு கையையும் மரக்காலை நோக்கி நீட்டினாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து சுவரில் சாய்ந்தே இருந்தவள்.

"தூண்டி விடுத்தா" என்றாள். "அணையப் பாக்குது. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒருத்தருக்கும் தோணல. நீ வந்து தூண்டணும்னு இருந்திருக்கு."

விளக்கை அணையாமல் காக்கத்தான் மகள் வந்தாள் என்று அம்மா நினைத்துவிட்டாள்.

இசைவாணி திரியைத் தூண்டினாள். எண்ணெய் ஊற்றினாள். அந்தக் கையைக் கொண்டு மரக்காலைத் தொட அவளால் முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். சூர்யபிரகாஷ் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்கப்பா!"

சுளகில் அரிசி வந்தது. உரலில் குத்திய அரிசி, அங்கங்கே தவிடு ஒட்டி, லேசான சிவப்போடு. நொறுங்காத அரிசி. மணியின் வயிற்றுப் பக்கம் வெள்ளை விழாத அரிசி. அவள் புத்தி அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டது. வேண்டாம் என்று அதட்டியும் கேட்கவில்லை.

"மொதல்ல மக போடட்டும்" என்றாள் அத்தை.

இசைவாணி ஒரு கை அள்ளினாள்.

பெத்த அப்பனுக்கு ஒரு கை அரிசி.

தாடைக் கட்டைத் தளர்த்தியிருந்தார்கள். அவர் உதட்டில் அரிசி விழுந்தது. கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் வழிந்து கழுத்தடியில் தங்கியது. அதை எடுத்து மறுபடி ஊட்டுவதுபோல அவள் விரல் போனது. பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

வெடி முழங்கப் பாடை தெரு முனை திரும்பியது. தலைமாட்டு நெல்லை அத்தை, மயான வேலை பார்க்கும் ராக்கனின் சாக்கில் கொட்டினாள். அது அவருக்கு உரியது. வழக்கம்.

*

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

இரண்டு நாளாகத் தூங்காத கண்ணுக்குள் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மரக்கால் அப்படியே இருக்கிறது. ராக்கன் வீட்டில் இருக்கிறது. சாவு வீட்டு நெல் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது என்பார்கள். வீட்டுக்கு எதற்கு? நேரே பண்ணைக்குக் கொண்டுபோய்விடலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்கு வாய் திறக்காதது மடத்தனம். அப்பாவே இருந்திருந்தால், போய் வாங்கிட்டு வாடி என்றுதான் விரட்டியிருப்பார்.

ராக்கன் வீட்டுக்கு முன்னால் தார்ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி காலால் கோடு இழுத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். வேப்பநிழலில் இருந்த ராக்கன் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வா தாயி. எதுவும் கொறை வச்சிட்டனா?"

"இல்லண்ணே. அன்னிக்கு… எங்கப்பா தலைமாட்டு நெல்லு…"

"இந்தா, இதுலதான் காயுது."

அவள் ரோட்டைப் பார்த்தாள். நெல் பழுப்பேறி இருந்தது. வெயிலில் அவிந்த வாடை எழுந்து வந்தது.

"அவிச்சிட்டீங்களா?"

"நேத்தே அவிச்சாச்சு தாயி. அஞ்சாறு வீட்டு நெல்லு சேந்து கெடந்துச்சு, மொத்தமா ஒரே அண்டாவுல போட்டாச்சு. ஏன் தாயி?"

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கலந்து கிடந்ததில் தேடினாள். ஒன்று கிடைத்தது. நுனிப் பொட்டு வெந்து கறுத்திருந்தது. பல்லில் வைத்துக் கடித்தாள். உள்ளே கண்ணாடிபோல் இறுகிய மஞ்சள் அரிசி. வெந்த நெல். இனி எந்த மண்ணில் போட்டாலும் முளைக்காது.

"வெதநெல்லா அது?" ராக்கனின் குரல் இறங்கியது.

அவள் தலையாட்டினாள்.

"அடப்பாவமே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா? மயிலுக்கு வெடி போட்டாரே, அந்த நெல்லா?" அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "மொத நாளு வெடிச் சத்தம் கேட்டு நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுனேன் தாயி, யாரு வீட்டு எழவோன்னு. இவரு வரப்புல நின்னு சிரிக்கிறாரு. ஏண்ணே, தெனம் என்னைய ஏமாத்துறீங்களேன்னு கேட்டேன். ஒரு நாளைக்கு நெசமாவே கூப்புடுறேன்டா, அதுக்குள்ள எம் மக நெல்லு வெளைஞ்சு வரட்டும்னாரு."

அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இசைவாணி வாங்கிக் குடித்தாள். ஒரு லாரி வந்தது. நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கிப் போகச் சொல்லி ராக்கன் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

*

விடுப்பு முடிந்து பண்ணைக்குப் போன அன்றே, தலைவர் ரத்தினவேலின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். பிறகு உட்காரச் சொல்லி, எண்பத்து நாலின் வர்ணனையை மேஜைமேல் எடுத்து வைத்தார். அவள் எழுதி, போட்டோக்களோடு போன மாதமே கொடுத்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார். "நான் இங்க வந்து இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஒரு ரகத்தை யாரும் எழுதல. கண்ணாடி இலை நிமிர்ந்தது, மீசை இல்லை, உமி நுனி ஊதா… கண்ணை மூடினா பயிர் தெரியுது. விதை மாதிரி எப்ப அனுப்புறோம்?"

"விதை இல்ல சார்."

"காயலையா? வேணும்னா தேதியை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பாக்குறேன்."

"இல்ல சார். ஒரு மணிகூட இல்ல. எண்பத்து நாலை எடுத்துருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தவர்போல அவளைப் பார்த்தார். அவள் பொட்டு வைக்காத நெற்றியையும், கலங்காமல் வறண்டிருந்த கண்ணையும் பார்த்துவிட்டு, கேள்வியை விழுங்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ தகரத்தைத் தட்டிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி தேவையில்லாத அந்தத் தாள்களை அவர் மெதுவாகப் புரட்டினார். மூடி வைக்க மனமில்லாமல், கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"எல்லாக் குணமும் எழுதியிருக்கீங்க. சோத்தோட ருசிங்கிற கட்டம் மட்டும் வெறுமையா இருக்கு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடவா சாப்பிட்டுப் பாக்கல?"

"ஒருத்தர் சாப்பிட்டாரு சார். எப்படி இருந்துச்சுன்னுதான் கேக்க முடியல."